'உங்க வெப்சைட்ல கோளாறு இருக்குதாம்...': முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எஸ்இஓ மெயில்களை என்ன செய்வது?

திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழில் செய்யும் அப்பாவிடமிருந்து, பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "கண்ணு, நம்ம வெப்சைட்டுல ஏதோ கோளாறு இருக்குதாமா. கூகுள்ல இருந்து மெயில் வந்திருக்குது. என்னன்னு கொஞ்சம் பாரு."

திறந்து பார்த்தால் அது கூகுளிலிருந்து வந்ததே இல்லை. கூகுள் என்ற பெயர் நான்கைந்து இடங்களில் இருக்கிறது, அவ்வளவுதான். அனுப்பியவருக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர். முகவரி, எண்கள் ஒட்டிய ஒரு சாதாரண ஜிமெயில். 'உங்கள் இணையதளத்தைப் பார்த்தேன், அருமை. ஆனால் முக்கியமான தேடல்களில் முதல் பக்கத்தில் வரவில்லை. சில பிழைகள் இருக்கின்றன. அறிக்கையும் விலைப்பட்டியலும் அனுப்பட்டுமா?' என்பதுதான் மொத்த விஷயமும்.

சேலம், நாமக்கல் பக்கம் சொந்தத் தொழில் நடக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசு வியாபாரி, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, இளம்பிள்ளை சேலைக் கடை, ஜவ்வரிசி ஆலை என யாராக இருந்தாலும் சரி, ஒரு வெப்சைட் வைத்திருந்தால் போதும். கிட்டத்தட்ட வரி மாறாமல் அதே மெயில் எல்லோருக்கும் போய்ச் சேரும். வீட்டில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச' ஆள் நீங்கள் என்றால் கடைசியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

எஸ்இஓ என்பதே ஏமாற்று வேலையா?

இல்லை. தேடுபொறி உகப்பாக்கம் என்று தமிழில் சொல்கிறார்கள். கூகுள் போன்ற தேடுபொறிகள் ஒரு தளத்தை எளிதாகப் படித்துப் புரிந்துகொள்ளவும், பொருத்தமான தேடலில் அதைக் காட்டவும் ஏற்றபடி தளத்தைச் சீரமைக்கும் வேலை அது. தெரிந்தவர்கள் செய்தால் பலன் இருக்கிறது. சிக்கல் அந்த வேலையில் இல்லை, கேட்காமலேயே வரும் இந்த மெயிலில்தான்.

அந்த மெயிலில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருக்காது. அலுவலக முகவரி இருக்காது. பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வெப்சைட் லிங்க்கூட இருக்காது. இணைப்பு இருந்தால் ஸ்பேம் வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பது ஒரு காரணம். நீங்கள் 'சரி, விலை சொல்லுங்க' என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டால், அதன்பின் வருவது தெரிந்தவர்களுக்கு இடையிலான உரையாடலாக ஆகிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். அதனால்தான் முதல் மெயில் எதையும் விற்காது, ஒரு பதிலை மட்டும் கேட்கும்.

கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் என்றால், நாம்தானே கூகுளில் தேடி அவரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்? அவர் ஏன் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வியும் இருக்கிறது.

'உங்கள் தளத்தைப் பார்த்தேன்' என்பதும் பெரும்பாலும் உண்மையல்ல. மென்பொருள் ஒன்று ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து மெயில் முகவரிகளைப் பொறுக்கி எடுக்கிறது. வார்ப்புருவில் தளத்தின் பெயரை மட்டும் செருகி அனுப்பிவிடுகிறது. இதற்குக் கூகுளே சாட்சி. எஸ்இஓ ஆலோசகரை நியமிப்பது பற்றிய தன் உதவிப் பக்கத்தில், திடீரென்று மெயில் அனுப்பும் நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது கூகுள். 'உங்கள் தளம் முக்கியத் தேடுபொறிகளில் இல்லை' என்று தனக்கே இப்படி மெயில்கள் வருவதையும் அங்கே குறிப்பிட்டிருக்கிறது. கூகுள், கூகுளில் வரவில்லையாம்!

சில மெயில்களில் 'உங்கள் தளத்தில் 37 பிழைகள்' என்று அறிக்கையும் இணைப்பாக வரும். எந்தத் தளத்தைக் கொடுத்தாலும் இப்படிப் பட்டியல் போட்டுத்தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. படத்துக்கு விளக்கக் குறிப்பு இல்லை, தலைப்பு நீளமாக இருக்கிறது என்பவை எல்லாம் அதில் 'பிழை'. அவை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு ஆர்டர் வராததற்கு அவைதான் காரணம் என்பதற்கு அந்த அறிக்கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

இந்த ஊர்த் தொழில்களைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். 'உங்கள் நகரத்து வாடிக்கையாளர்களை அள்ளித் தருகிறோம்' என்று மெயில் சொல்லும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களிலும் கடல் தாண்டி ஆப்பிரிக்க நாடுகளிலும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சேலம் ஜவ்வரிசிக்குப் பெரிய சந்தையே விரத நாட்களில் கிச்சடி செய்யும் மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள்தான். அந்த விற்பனையில் கணிசமான பங்கை 1981-ல் தொடங்கிய 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. உள்ளூரில் தேடி வாங்குகிறவர்களை நம்பி நடக்கும் தொழில்களா இவை? இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சொல்லுக்கு முதலிடம் வாங்கித் தருவார்கள்?

நம் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது?

பெரும்பாலும் நாமே கொடுத்ததுதான். 'தொடர்புக்கு' பக்கத்தில் மெயில் முகவரியை எழுத்தாகப் போட்டிருந்தால் மென்பொருள் அதை எடுத்துவிடும். தொழில் விவரத் தொகுப்புத் தளங்கள் இன்னொரு வழி. புதிதாகப் பதிவாகும் டொமைன்களின் பட்டியல்களும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வெப்சைட் தொடங்கிய சில நாட்களிலேயே 'வெப் டிசைன் வேணுமா, எஸ்இஓ வேணுமா' என்று போன் வரத் தொடங்குவது அதனால்தான். மெயில் முகவரியே போடாமல் படிவம் மட்டும் வைத்தாலும் தானியங்கி நிரல்கள் அந்தப் படிவத்தையும் நிரப்பி அனுப்பும்.

'நம்பர் 1' உத்தரவாதம் உண்மையா?

நாமக்கல்காரர்களுக்கு முட்டை விலையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு விலை அறிவித்தால், அன்றைக்கு அந்த மண்டலத்துப் பண்ணைகளுக்கெல்லாம் அதுதான் விலை. கூகுளில் இடம் என்பது அப்படி எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் இல்லை. தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழியில், என்ன சொல்லைத் தட்டினார் என்பதைப் பொறுத்து மாறும். நேற்று இருந்த இடம் இன்று இருக்காது. ஆகவே யாராலும் முதலிடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. விளம்பரத்துக்குக் காசு வாங்கும் கூகுள், சாதாரணத் தேடல் முடிவுகளில் இடம் தரக் காசு வாங்குவதில்லை.

உத்தரவாதம் தருபவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? யாருமே தேடாத நீளமான சொற்றொடரைத் தேர்ந்தெடுப்பார்கள். 'திருச்செங்கோடு ஆறரை இஞ்ச் போர்வெல் ரிக் சர்வீஸ்' என்பதோடு உங்கள் கம்பெனி பெயரையும் சேர்த்துத் தேடினால் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். அவர்கள் எதுவும் செய்யாவிட்டாலும் வருவீர்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி மாதத் தவணை கேட்பார்கள்.

'கூகுள் பார்ட்னர்' முத்திரை காட்டினாலும் மயங்க வேண்டாம். அது கூகுள் விளம்பரச் சேவையை நிர்வகிப்பவர்களுக்கான திட்டம். சாதாரணத் தேடல் முடிவுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'உங்க டொமைன் அத்தாரிட்டி 8 தான்' என்று பயமுறுத்துகிறார்களா? அந்த மதிப்பெண் 'மோஸ்' என்ற தனியார் நிறுவனம் உருவாக்கியது, கூகுளுடையது அல்ல.

500 பேக்லிங்க் வாங்கினால் என்ன ஆகும்?

இந்த மெயில்கள் விற்கும் சரக்குகளில் ஆபத்தானது இதுதான். மற்ற தளங்கள் உங்கள் தளத்துக்குத் தரும் இணைப்பைக் கூகுள் ஒரு பரிந்துரை மாதிரி எடுத்துக்கொள்கிறது. அதனால் காசுக்கு இணைப்பு விற்கும் சந்தையே உருவாகிவிட்டது. தரவரிசைக்காக இணைப்புகளை வாங்குவதும் விற்பதும் கூகுளின் ஸ்பேம் கொள்கைப்படி விதிமீறல்.

2011-ல் அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான ஜே.சி.பென்னிக்கு நடந்ததைப் பார்க்கலாம். உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் அந்த நிறுவனமே முதலில் வந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்பு போடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் நேரடி நடவடிக்கை எடுத்தது. பயணப்பெட்டி தொடர்பான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த தளம், சில மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தன் எஸ்இஓ ஏஜென்சியை விலக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இத்தகைய இணைப்புகளைத் தானாகவே பிடிக்கும் வேலையைக் கூகுள் தொடங்கியது.

இணைப்பைப் போட்டது ஏஜென்சி. அடி வாங்கியது தளம். ஜே.சி.பென்னிக்கு நாடு முழுக்கக் கடைகள் இருந்தன, தாங்கிக்கொண்டது. கூகுள் வழியாக வரும் ஆர்டரை நம்பி இருக்கும் இளம்பிள்ளை சேலைக் கடையால் அது முடியுமா?

ஆசை காட்டுவது ஒரு ரகம், மிரட்டுவது இன்னொன்று

'உடனே செய்யாவிட்டால் கூகுளிலிருந்து உங்கள் கடை நீக்கப்படும்' என்று மெயிலோ போனோ வந்தால் அது மோசடிக்கு மிக அருகில் இருக்கிறது. அமெரிக்காவில் பாயின்ட்பிரேக் மீடியா என்ற நிறுவனத்தின் மீது 2018-ல் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. சிறு வியாபாரிகளைத் தானியங்கி அழைப்பில் கூப்பிட்டு, உங்கள் கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று கூகுளில் காட்டப்படும் என்று பயமுறுத்தி 300 முதல் 700 டாலர் வரை வசூலித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, தன் பெயரைச் சொல்லி இப்படி அழைத்ததாக வேறொரு எஸ்இஓ நிறுவனத்தின் மீது கூகுளே வழக்குத் தொடர்ந்திருந்தது.

மேப்பில் கடையைக் காட்டும் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' இலவசம். அதை வைத்திருக்கக் காசு கேட்பவர் கூகுள் ஆள் அல்ல.

வீட்டுப் பெரியவர்கள் அதிகம் ஏமாறக்கூடியது 'டொமைன் காலாவதி அறிவிப்பு' மெயிலில். உங்கள் டொமைன் பெயர், கடைசித் தேதி, கட்ட வேண்டிய தொகை எல்லாம் பில் மாதிரியே இருக்கும். கீழே பொடி எழுத்தில், இது தேடுபொறிகளில் பதிவு செய்யும் சேவைக்கான அழைப்பு என்று இருக்கும். டொமைனை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் சந்தேகமே இல்லாமல் பணம் கட்டிவிடுகிறார். டொமைனை யாரிடம் வாங்கினீர்களோ அந்த நிறுவனத்தின் கணக்கில் நேராக நுழைந்து தேதியைப் பாருங்கள். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொட வேண்டியதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

விளம்பர அழைப்பு, எஸ்எம்எஸ் இரண்டுக்கும் டிராய் அமைப்பின் 2018 ஒழுங்குமுறை இருக்கிறது. 1909-ல் டிஎன்டி பதிவு செய்யலாம், புகாரும் தரலாம். ஆனால் மெயில் அதற்குள் வராது.

மெயிலைத் தொட்ட ஒரு பிரிவு முன்பு இருந்தது. தொல்லை தரும் நோக்கத்தில், அல்லது எங்கிருந்து வருகிறது என்பதில் ஏமாற்றும் நோக்கத்தில் அனுப்பப்படும் மெயிலைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ குற்றமாக்கியது. ஃபேஸ்புக் பதிவுகளுக்காக ஆட்களைக் கைது செய்யப் பயன்பட்ட அதே 66ஏ தான். 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அதை உச்ச நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு நல்ல தீர்ப்பு. போகிற போக்கில் ஸ்பேமைப் பற்றிய அந்த வரியும் போய்விட்டது. அதற்கு மாற்றாக மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் வரவில்லை. அமெரிக்காவில் 2003-லேயே வந்த சட்டப்படி, விற்பனை மெயிலில் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்காதா? அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் இருக்கிறது. தவிர, ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவல் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. உங்கள் தளத்தில் நீங்களே போட்ட முகவரிக்கு மெயில் வந்தால், இந்தச் சட்டத்தை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

அப்படியென்றால் செய்யக்கூடியது?

பதில் போடாதீர்கள். 'வேண்டாம்' என்றுகூட வேண்டாம், திட்டியும் வேண்டாம். எந்தப் பதிலும் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்ற தகவல்தான். ஜிமெயிலில் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துங்கள், வெறுமனே டெலிட் செய்வதைவிட அது மேல். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் அனுப்புநர் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் விதி வைத்திருக்கிறது. எனவே உங்கள் ஒரு கிளிக்குக்கு மதிப்பு உண்டு. சில்லறை சில்லறையாகப் பல கணக்குகளிலிருந்து அனுப்பித் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பை, தெரிந்த நிறுவனம் என்றால் மட்டும் அழுத்துங்கள். மெயிலில் உள்ள படங்கள் தானாகத் திறக்காமல் 'கேட்டுவிட்டுக் காட்டு' என்று அமைப்பில் மாற்றிவிட்டால், நீங்கள் மெயிலைத் திறந்தீர்களா என்று வேவு பார்ப்பது கஷ்டமாகும். படிவத்துக்கு ஒரு கேப்ச்சா போதும்.

வடிகட்டி போடுவதில் ஒரு சின்னச் சிக்கல். போனில் உள்ள ஜிமெயில் செயலியில் ஃபில்டர் உருவாக்க முடியாது, கம்ப்யூட்டரில் திறக்க வேண்டும். 'கெஸ்ட் போஸ்ட்', 'பேக்லிங்க்', 'டொமைன் அத்தாரிட்டி' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்து, அவை உள்ள மெயில்கள் இன்பாக்ஸைத் தாண்டித் தனி லேபிளுக்குப் போகும்படி செய்யுங்கள். நேராக டெலிட் ஆகும்படி வைக்காதீர்கள். 'விலைப்பட்டியல்', 'கொட்டேஷன்' மாதிரியான சொற்களை மட்டும் தப்பித் தவறியும் அந்த வடிகட்டியில் சேர்க்கக் கூடாது.

ஏனென்றால் இந்தக் குப்பையால் வரும் பெரிய நஷ்டம் யாரோ கேட்கும் சில ஆயிரம் ரூபாய் இல்லை. தினமும் பத்து மெயில் இப்படி வந்தால் அப்பா அந்த இன்பாக்ஸைத் திறப்பதையே விட்டுவிடுவார். வெளிநாட்டிலிருந்து ரிக் கேட்டு ஒருவர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், சாதாரண ஜிமெயிலில், 'டியர் சார், விலை அனுப்பவும்' என்று எழுதினால் அதுவும் பார்ப்பதற்கு எஸ்இஓ மெயில் மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் ஓரிடத்தில் தெரியும். வாங்க வருபவர் எத்தனை அடி ஆழம், எத்தனை இஞ்ச், எந்தத் துறைமுகம் என்று பொருளைப் பற்றிக் கேட்பார். எஸ்இஓ மெயில் வெப்சைட்டைப் பற்றியே பேசும். இப்போது ஏஐ கருவிகளை வைத்து உங்கள் முகப்புப் பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு அனுப்புகிறார்கள் என்பதால், பொருளின் பெயர் இருப்பது மட்டும் அடையாளமாகாது. என்ன கேட்கிறார் என்பதைப் பாருங்கள்.

நிஜமாகவே தளத்தில் கோளாறு இருந்தால்?

அதை மெயில் அனுப்பியவரிடம் கேட்க வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் பக்கங்கள் கூகுளில் சேர்ந்திருக்கின்றனவா, எந்தச் சொற்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள், கூகுள் ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கிறதா என்பதையெல்லாம் அது காட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் உட்கார்ந்தால் அமைத்துவிடலாம். பெரும்பாலும் அகப்படும் குறைகள் சாதாரணமானவை. மேப்பில் பழைய போன் நம்பர் இருக்கும். பட்டறை இடம் மாறியிருக்கும், முகவரி மாறியிருக்காது. டேங்கர், டிரெய்லர், கன்டெய்னர் என்று மூன்று வகை பாடி கட்டுவார்கள், தளத்தில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரியும் ஒரு பூங்கொத்துப் படமும் மட்டும் இருக்கும். இதைச் சரிசெய்ய வேண்டிய தகவல் பட்டறையில் இருக்கிறது, எந்த ஏஜென்சியிடமும் இல்லை.

அதற்குமேல் ஆள் தேவைப்பட்டால், நீங்களாகத் தேடிப் போய், இதற்கு முன் வேலை செய்து கொடுத்த இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். என்ன மாற்றம் செய்வார்கள், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். இணைப்பு வாங்குவார்களா என்றும் கேளுங்கள். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய அவசியமே வராது. சர்ச் கன்சோலில் கட்டுப்படுத்தப்பட்ட பயனராகவும், பிசினஸ் புரொஃபைலில் 'மேனேஜர்' ஆகவும் சேர்த்தால் போதும். 'ஓனர்' நீங்களாகவே இருங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெப்சைட் செய்து கொடுத்தவரின் கணக்கிலேயே டொமைன் கிடப்பது சிறு தொழில்களில் சகஜம். அவர் போனை எடுக்காத அன்றுதான் அது தெரியவரும்.

ஏற்கெனவே பணம் கட்டியாச்சுன்னா?

சொன்ன வேலையைச் செய்யவில்லை என்பது ஒரு வகை, கூகுள் பெயரைச் சொல்லி ஏமாற்றிப் பணம் பறித்தது இன்னொரு வகை. இரண்டாவது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மெயில்கள், பில், பணம் போன கணக்கு விவரம் எதையும் அழிக்க வேண்டாம். கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி வைத்திருந்தால் வங்கியில் சொல்லி அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள்.

அதோடு சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல், வெப்சைட்டின் நிர்வாகக் கணக்கு மூன்றிலும் யார் யார் பயனராக இருக்கிறார்கள் என்று பார்த்து, தெரியாத பெயர்களை நீக்கிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெறும் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே பயனராகச் சேர்ந்தவர் உள்ளேயேதான் இருப்பார்.